மூடிய அடுப்புக்குள் ஒரு மழைக்காலம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எளாவூர்ப் பக்கத்தில் எதுவும் சட்டென்று காய்வதில்லை. கொடியில் போட்ட துணி மறுநாளும் சில்லென்று இருக்கும். உப்பு ஜாடியின் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். தார்ப்பாய் போட்டு மூடிய கருவாட்டுக் கூடையைத் திறந்தால் மேல்வரிசையில் தவிட்டு நிறப் புள்ளிகள் தென்படும். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டா, அதற்கும் அப்பால் வங்கக் கடல். வடகிழக்குப் பருவக்காற்று இவை எல்லாவற்றின் ஈரத்தையும் அள்ளிக்கொண்டுதான் ஊருக்குள் நுழைகிறது. சென்னையை ஒட்டிய இந்தக் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடும்.

இந்த மூன்று மாதமும் மூடியே கிடந்த கரி அடுப்பைத் தை பிறந்ததும் திறந்தால், சுட்ட மீன் ஆசை அங்கேயே அடங்கிப்போகும். கம்பித் தட்டின் மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கும். மிச்சக் கரியில் பச்சைத் தூள் அப்பியிருக்கும். முகத்தில் புளித்த வாடை அடிக்கும். சூளையில் வெந்த மண் அது. 300 டிகிரிச் சூட்டைப் பல முறை கண்ட சுவர். உள்ளே இருப்பதோ கரியும் சாம்பலும். அதில் போய்ப் பூசணம் எப்படி வரும்?

அன்று எரிந்த தீ அன்றிருந்த உயிர்களைத்தான் கொன்றது. பூசண வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் சில நூறு வித்துகளை வரிசையாக அடுக்கிவிடலாம், அவ்வளவு சிறியவை. அடுப்பு ஆறியதும் காற்று வழியாக அவை மீண்டும் உள்ளே வந்து படிகின்றன. அவற்றை வராமல் தடுக்க யாராலும் முடியாது. வந்து படிந்த வித்து முளைக்குமா, காய்ந்து கிடக்குமா என்பதைத் தீர்மானிப்பது ஈரம் ஒன்றுதான். கரி அடுப்பைக் காப்பாற்ற நினைப்பவர் கவனம் வைக்க வேண்டிய இடமும் அதுவே.

குமுட்டியும் மூடி அடுப்பும்

தமிழ் வீடுகளுக்குக் கரி அடுப்பு புதிதல்ல. கைப்பிடி வைத்த குமுட்டி அடுப்பில் கரித்துண்டுகளைப் போட்டு, விசிறியால் விசிறிக் கனல வைத்து, அப்பளம் சுட்டவர்களும் காப்பிக்கு வெந்நீர் வைத்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். குமுட்டிக்கு மூடி கிடையாது. அடியில் சாம்பல் தானாகக் கொட்டும். நாலு பக்கமும் காற்று புகும். கொழுப்பு சொட்டித் தேங்க இடமில்லை. மழையில் நனைந்தால் விரிசல் விடுமே தவிர, அதில் பூசணம் பிடிப்பது அரிது.

சென்னையின் மொட்டைமாடிகளுக்கும் கடற்கரை விடுதிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கும் பீங்கான் கரி கிரில் வேறு வகை. ஜப்பானியர் சோறு சமைத்த ‘கமாடோ’ அடுப்பின் வழித்தோன்றல் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்கள் அந்த வகை மண் அடுப்புகளை ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1974இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டா நகரில் ‘பிக் க்ரீன் எக்’ நிறுவனத்தைத் தொடங்கி, அதே வடிவத்தை உறுதியான பீங்கானில் செய்து விற்றார். முட்டை வடிவ உடல், கனத்த சுவர், இறுக்கமான மூடி, மேலும் கீழும் காற்று வழி. உள்ளே போகும் காற்றைக் கூட்டியும் குறைத்தும் சூட்டை மணிக்கணக்கில் ஒரே அளவில் நிறுத்தலாம். காற்று வழிகளை அடைத்தால் தீ அணைந்துவிடும். மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும்.

பூசணத்துக்கு வசதி செய்து தருவதும் இதே அமைப்புதான். இறுக்கமான மூடி ஈரத்தை வெளியே விடாது. சொட்டிய மீனெண்ணெயும் தயிர் மசாலாவும் உள்ளேயே தங்கும். வெளிப்புறம் மெருகு பூசியிருந்தாலும் உட்சுவரில் மெருகு இல்லை. சுட்ட மண்ணுக்கே உரிய நுண்துளைகள் அங்கே திறந்திருக்கும். சுட்ட மண் எவ்வளவு நீர் குடிக்கும் என்பதற்குச் செங்கல்லைப் பார்க்கலாம். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தர விதி அனுமதிக்கிறது. கிரில்லின் பீங்கான் அதைவிடக் கெட்டியானது என்றாலும் நீரை அறவே ஏற்காத பொருள் அல்ல.

ஈரத்துக்கு ஓர் அளவுகோல்

ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அந்தத் தண்ணீரில் எவ்வளவு நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கிறது என்பதே முக்கியம். 1950களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் இதை அளந்து காட்டினார். ‘நீர்ச் செயல்திறன்’ என்று இன்று உணவு அறிவியல் சொல்லும் இந்த அளவு, தூய நீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர்வதில்லை. சாதாரணப் பூசணங்கள் 0.80 வரை தாக்குப்பிடிக்கும். வறட்சியை விரும்பும் சில பூசணங்கள் 0.70ஐ ஒட்டியும் வளரும்.

ஏரியோரக் குப்பங்களில் கருவாடு போடுகிறவர்களுக்கு இந்த எண்கள் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர்களுடைய தொழில் முழுவதும் இந்த எண்களுக்குள்தான் நடக்கிறது. உப்பு கரைந்து நிறைந்த நீரின் நீர்ச் செயல்திறன் 0.75. மீனில் உப்பை நிறைய ஏற்றி வெயிலில் காயவைத்தால் அதன் ஈரம் இந்த எல்லைக்குக் கீழே இறங்குகிறது. அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் நின்றுவிடுகின்றன. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கத் தொடங்கும். கார்த்திகை மாதத்தில் இந்தக் கரையின் காற்று பல நாட்கள் 80 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு இருக்கிறது. கோடையில் கல்போல் காய்ந்த கருவாடு மழைக்காலத்தில் நெகிழ்வது அதனால்தான்.

நெகிழ்ந்த கருவாட்டில் முதலில் குடியேறுவது ‘வால்லேமியா செபி’ என்ற பூசணம். தவிட்டு நிறப் புள்ளிகள் இதன் வேலை. 0.70க்குச் சற்றுக் கீழேகூட இது வளரும். 1980களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஐல்சா ஹாக்கிங், ஜான் பிட் இருவரும் இந்தோனேசியக் கருவாட்டை ஆராய்ந்தபோது, வெள்ளைப் படலமாய்ப் படரும் ‘பாலிபைசிலம் பிஸ்ஸே’ என்ற புதிய இனத்தை இனங்கண்டு பெயரிட்டார்கள். கருவாட்டில் சில நேரம் தெரியும் இளஞ்சிவப்புக் கறை பூசணம் அல்ல. உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் அவை. உப்பளப் பாத்திகளைச் சிவக்கவைப்பவையும் இவைதான். உப்போடு சேர்ந்தே மீனுக்கு வந்துவிடும்.

உப்பு நிறைந்த கருவாட்டிலேயே பூசணம் வாழும் என்றால், உப்பும் மசாலாவும் எண்ணெயும் படிந்த அடுப்பில் வாழ்வதற்கு அதற்குத் தடை ஏதுமில்லை.

இரவில் வியர்க்கும் சுவர்

மூடிய அடுப்புக்குள் மழைநீர் சொட்டாவிட்டாலும் ஈரம் சேரும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அது 80 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் 24 கிராம் இருக்கும். அந்தக் காற்றே 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் 23 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. மிச்சம் நீர்த்துளியாக மாறி, எது குளிர்ச்சியாக இருக்கிறதோ அதன்மேல் படியும். கனத்த பீங்கான் சுவர் இரவில் குளிர்ந்தால் காலையிலும் நெடுநேரம் குளிர்ச்சியாகவே இருக்கும். ஏரிப் பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று உள்ளே புகுந்து அந்தச் சுவரைத் தொட்டதும் வியர்க்கிறது. அந்த நீரைச் சுவரின் நுண்துளைகள் குடித்துக்கொள்கின்றன.

சாம்பல் இதற்குத் துணைபோகிறது. விறகுக்கரிச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. காற்றில் ஈரப்பதம் 43 சதவீதத்தைத் தாண்டினாலே அது நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடற்காற்றில் வரும் உப்புத்தூளில் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். பழவேற்காட்டுக் கரையில் ஈரப்பதம் அவ்வளவு தூரம் இறங்குவது அபூர்வம். ஆகவே அடுப்பில் விட்டுவைத்த சாம்பல் ஆண்டு முழுவதும் ஈரம் பிடித்துவைக்கும். சாம்பல் பூசணத்துக்கு உணவாகாது. ஆனால் பக்கத்தில் சொட்டிக் கிடக்கும் மடவை மீன் கொழுப்பையும் இறால் சாற்றையும் காயவிடாமல் வைத்திருக்கும். சவுக்குக் கரியோ வேலிகாத்தான் கரியோ எதுவானாலும் இதே கதைதான். கரியும் நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தைப் பிடிப்பது.

நாள்தோறும் எரியும் மண் அடுப்பில் பூசணம் வராததற்குக் காரணம் இப்போது விளங்கும். அங்கே தீ சமைப்பதோடு சுவரையும் தினம் ஒரு முறை காயவைக்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்த விதையும் கருவாடும் கெடாமல் இருப்பதற்கும் அந்த உலர்ந்த சூடு ஒரு காரணம். புகையில் உள்ள பீனால் சேர்மங்கள் பூசணத்தை அடக்குவது இன்னொரு காரணம். எரிவாயு வந்த வீடுகளில் விறகடுப்பு பொங்கலுக்கும் விருந்துக்கும் மட்டும் எரிகிறது. மாதக்கணக்கில் சும்மா இருக்கும் மண் அடுப்பு எதுவும், ஏழையின் வீட்டு அடுப்பானாலும் விடுதியின் விலையுயர்ந்த கிரில்லானாலும், ஈரம் கோத்துத்தான் தீரும்.

பூசணமா, உப்பா, கரிப்படலமா?

அடுப்பில் தெரியும் வெள்ளையெல்லாம் பூசணம் அல்ல. உவர்நீரில் கழுவிய மண் பாத்திரமோ அடுப்போ காயும்போது, துளைக்குள் இருந்த உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். ஏரியோர ஊர்களில் இது மிகச் சாதாரணம். கண்டுபிடிக்க ஒரு துளி நல்ல தண்ணீர் போதும். உப்பு கரைந்து மறையும். காய்ந்ததும் திரும்ப வரும். பூசணம் கரையாது, ஈரமான பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு இழுபடும், வாடையும் வீசும்.

மூடியின் உட்புறத்தில் கருப்பாக உரிந்து தொங்குவதையும் பலர் பூசணம் என்று எண்ணி அஞ்சுகிறார்கள். அது புகையும் கொழுப்பும் சேர்ந்து கருகிய படலம். விரலால் தேய்த்தால் நொறுங்கும், பஞ்சுத்தன்மை இருக்காது. சுரண்டி எடுத்தால் போதும்.

2021இல் கொரோனாவுக்குப் பின் பரவிய மியூகோர்மைகோசிஸ் நோயைக் ‘கருப்புப் பூஞ்சை’ என்று எல்லோரும் அழைத்ததால், கருப்பாய் எதைக் கண்டாலும் அந்த நோய் என்ற பயம் தங்கிவிட்டது. அது பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரை நோய் இருந்தவர்களையும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களையும் தாக்கியது. அடுப்பில் கருப்பாகத் தெரிவதெல்லாம் அந்தப் பூஞ்சை ஆகிவிடாது. இருந்தாலும் ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் எந்தப் பூசண அடுப்பையும் தாங்களே சுத்தம் செய்யாமல் இருப்பது நல்லது. வித்துகளை மூச்சில் இழுப்பதே அவர்களுக்குத் தொல்லை.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 1960இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துவிழுந்தன. அதன் காரணத்தைத் தேடியபோதுதான் அஃப்லடாக்சின் என்ற பூசண நஞ்சு வெளிப்பட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் அறுவடை நேரத்து மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சமையல் சூடு பூசணத்தைக் கொல்லும். ஆனால் இந்த நஞ்சு அந்தச் சூட்டில் முழுவதும் அழிவதில்லை. பூசணம் பிடித்த கருவாட்டைக் கழுவித் தணலில் வாட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதனால்தான் தவறு. அடுப்பின் கதை வேறு. அதன் சுவரை நாம் தின்பதில்லை. உணவு படும் கம்பித் தட்டைத் தேய்த்துக் கழுவலாம், சுவரைச் சமையலுக்கு வேண்டிய சூட்டைவிட அதிகமாகச் சுடலாம். ஆகவே அடுப்பைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

எடுக்கும் முறை

வேலையை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், முகக்கவசத்தோடு தொடங்க வேண்டும். காய்ந்த பூசணத்தை முதலிலேயே துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் புகைபோல் எழும்பும். பழைய கரியையும் சாம்பலையும் மெதுவாக அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பூசணம் பிடித்த கரியில் மீண்டும் சமைக்கக் கூடாது. கம்பித் தட்டுகளைத் தனியே எடுத்துச் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவி வெயிலில் வைக்கலாம்.

பீங்கான் உட்புறத்தில் சோப்போ பிளீச்சிங் பவுடர் கரைசலோ ஊற்றக் கூடாது. குளோரின் மேற்பரப்பிலேயே வினைபுரிந்து தீர்ந்துவிடும். அதைக் கரைத்த தண்ணீர் மட்டும் சுவருக்குள் இறங்கிப் பூசணத்துக்கு மறுபடி ஈரம் கொடுக்கும். துளைக்குள் தங்கிய மருந்து அடுத்த சமையலில் உணவோடு சேரும். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை அமிலத்தையோ சேர்த்தால் நச்சு வாயுவே கிளம்பும்.

மூடியைத் திறந்து, அடுப்பை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு நேராகப் பெருந்தீ மூட்டுவதுதான் பலர் செய்யும் பிழை. சுவருக்குள் இருக்கும் நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். வெளியேற வழி கிடைப்பதற்குள் அது விரிந்தால் பீங்கான் வெடித்துப் பிளக்கும். ஆகவே முதலில் கைப்பிடி அளவு புதுக் கரியில் சிறு தீ. மூடியும் காற்று வழிகளும் திறந்த நிலையில் ஒரு மணி நேரம். சுவர் கை பொறுக்காத அளவு சுட்ட பிறகு கரியைக் கூட்டி, மூடியை இறக்கி, வழிகளை நன்றாகத் திறந்து, 250 முதல் 300 டிகிரி வரை மெல்ல ஏற்றி அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். பூசணங்கள் பெரும்பாலும் 60, 70 டிகிரியிலேயே சில நிமிடங்களில் செத்துவிடும். சூட்டைத் தாங்கும் சில வித்துகளும் 100 டிகிரிக்கு மேல் நிலைக்காது. இத்தனை சூடும் கனத்த சுவரின் உள்ளே வரை இறங்கவும், ஒட்டிய கொழுப்பு எரிந்து தூளாகவும்தான்.

சூடான மூடியைப் படாரென்று திறக்கக் கூடாது. உள்ளே காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் கனல் சட்டென்று முகத்துக்குப் பாயும். விரற்கடை அளவு தூக்கி, சிறிது பொறுத்து, பிறகுதான் முழுதாகத் திறக்க வேண்டும். மழை என்று சொல்லி அடுப்பைத் திண்ணைக்குள்ளோ கார் நிறுத்தும் அறைக்குள்ளோ இழுத்துவைத்து எரிப்பது உயிரோடு விளையாடுவது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆறிய மறுநாள் தேங்காய் நார்த் தூரிகையால் சாம்பலைத் துடைத்தெடுத்தால் அடுப்பு சமையலுக்குத் தயார். மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் கம்பளி கேஸ்கட்டில் பூசணம் ஊறியிருந்தால் அதைச் சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டுவதே வழி.

வராமல் காக்க

மழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள், அடுப்பை ஒரு முறை நன்றாக எரித்துச் சாம்பலைத் துப்புரவாக வாரிவிட வேண்டும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் கனலைக் கால் மணி நேரம் கூடுதலாக எரியவிட்டால் சொட்டிய கொழுப்பு தீய்ந்துவிடும். கரியைக் கிரில்லுக்குள் சேமிக்காமல், தரையில் படாத இறுக்கமான டின்னில் வைக்க வேண்டும்.

அடுப்பு ஆறிய பின் காற்று வழிகளை அடைத்துவைப்பது தவறு. மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேலே கூரை வேண்டும். கூரையில்லாத இடத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவது மழையைத் தடுத்துவிட்டு ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். ஆள் புழங்கும் தாழ்வாரத்தின் ஓரம் உகந்த இடம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சமைக்காவிட்டாலும், ஒரு கை கரி போட்டுத் திறந்தவெளியில் எரிக்க வேண்டும். கோடையில் கடலைவிட உப்பாகவும் மழையில் நன்னீராகவும் மாறும் இந்த ஏரியின் அருகில் அலம்பும் தண்ணீரிலும் கவனம் தேவை. கம்பித் தட்டை உவர்நீரில் கழுவினால் துருவும் உப்பும் சேர்ந்து ஈரத்தைப் பிடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியதைப் போன்ற மழையில் தேங்கிய வெள்ளத்தில் அடுப்பு மூழ்கியிருந்தால் வழக்கமான முறை போதாது. வெள்ளநீரோடு சாக்கடையும் கலந்திருக்கும். வெளிப்புறத்தை நல்ல நீரில் கழுவி, பாகங்களைப் பிரித்து, வெயில் வந்தபின் குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு, சிறு தீயை ஒரே நாளில் முடிக்காமல் மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து மூட்ட வேண்டும். மண்பானை வாங்குகிறவர்கள் செய்வதுபோல் ஒவ்வொரு பாகத்தையும் விரல் கணுவால் தட்டிப் பார்க்கலாம். ணங்கென்று ஒலித்தால் மண் உறுதியாக இருக்கிறது. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் ஓடியிருக்கலாம். அந்தப் பாகத்தை மாற்றும்வரை அந்த அடுப்பில் தீ மூட்டக் கூடாது.